குளிப்பாட்டியும் தெள்ளு திரும்பத் திரும்ப வருதே, ஏன்?

வணக்கம்ங்க. உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "ஒரு சிப்பிப்பாறை நாயும் ஒரு பூனையும் வளர்க்குறோம். நாய்க்குத் தெள்ளுப்பூச்சி. வேப்பிலை அவிச்ச தண்ணியில ரெண்டு தடவை குளிப்பாட்டிட்டேன், பத்தே நாள்ல திரும்ப வந்துருது. மருந்தடிக்காம ஒழிக்க வழியிருக்கா?"

இருக்குங்கம்மா. நாயைப் பாத்தீங்க, அது படுக்குற சாக்கைப் பாத்தீங்களா? தெள்ளு நாய் மேல இருந்துதான் ரத்தம் குடிக்குது, முட்டையும் அங்கேயே இடுது. ஆனா முட்டை வழுவழுன்னு இருக்குறதால முடியில ஒட்டாது, நாய் படுக்குற இடத்துல உதிர்ந்துரும். ஒரு பெட்டைத் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரைக்கும் இடும். வீட்ல மொத்தம் 100 இருக்குன்னா நாய் மேல ஒரு 5 தான். மிச்சமெல்லாம் முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா சாக்குலயும் கட்டிலுக்கு அடியிலயும் தரை வெடிப்புலயும் கெடக்கு. நீங்க கழுவி விட்டது அந்த அஞ்சைத்தான்.

முதல்ல அது தெள்ளுதானான்னு பாத்துருங்க, நம்ம பக்கம் உண்ணியையும் தெள்ளையும் ஒண்ணாச் சொல்றவங்க நிறைய. உண்ணி ஆமணக்கு முத்து மாதிரி ஊதி ஒரே இடத்துல கவ்வியிருக்கும். தெள்ளு ஓடும், குதிக்கும். வெள்ளைத் துணியில நாயை நிறுத்தி, வாலடியில பேன்சீப்பால சீவுங்க. மிளகுத்தூள் மாதிரி கறுப்பா உதிரும். அதை ஈரப் பஞ்சால அமுக்குனா செம்பழுப்பாக் கரையும். அது தெள்ளோட கழிவு, செரிச்ச ரத்தம். வெறும் மண்ணு அப்படிக் கரையாது.

இப்ப படுக்கை. சாக்கு, பழைய போர்வை எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில 10 நிமிஷம் முக்கிவச்சு, மொட்டை மாடியில நாள் பூரா காயவிடுங்க. வாரம் ஒருதடவை. தெள்ளுப் புழு வெளிச்சத்தையும் ஈரமில்லாத காய்ஞ்ச இடத்தையும் தாங்காது. நம்ம மதுரை வெயிலை விட நல்ல மருந்து கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில தெள்ளு பெருகுறதும் அதனாலதான், ஈரம் அதுக்குத் தோது. வீட்டைத் தினமும் மூலைமுடுக்கு விடாமக் கூட்டுங்க. கூட்டுன குப்பையை வாசல்ல கொட்டாதீங்க, சோப்புத் தண்ணி வாளியில போட்டுருங்க.

குளிப்பாட்டுறதுல ஒரு சூட்சுமம். தண்ணி பட்டதும் தெள்ளு மேல ஏறி காதுக்கும் கண்ணுக்கும் ஓடும். அதனால முதல்ல கழுத்தைச் சுத்தி கெட்டியா நுரையால ஒரு வளையம் போடுங்க. அப்புறம் உடம்புக்கு. நாய் ஷாம்பூ போதும், 5 நிமிஷம் ஊறவிட்டு அலசுங்க. வேப்பிலைத் தண்ணியைக் கடைசியா ஊத்தலாம், தப்பில்ல, ஆனா அது மட்டும் தெள்ளைக் கொல்லும்னு நம்பிராதீங்க.

வேப்பெண்ணெய் புழு வளர்றதைத் தடுக்கும். 5 மில்லி எண்ணெயில கால் ஸ்பூன் சோப்பு திரவத்தை நல்லாக் கலந்துட்டு, அப்புறம் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க. சோப்பு சேக்காட்டி எண்ணெய் தனியா மிதக்கும், சும்மா தண்ணியத்தான் தெளிச்சுக்கிட்டு இருப்பீங்க. படுக்குற இடத்துலயும் வெடிப்புலயும் சாயங்காலமா அடிங்க, வெயில் பட்டா வீரியம் போயிரும். அன்னைக்கே காலி பண்ணிருங்க.

பூனைக்கு இது எதுவும் வேண்டாம். உடம்பு பூரா நக்குற பிராணி, பூசுறது எல்லாம் வயித்துக்குள்ள போயிரும். தினமும் பேன்சீப்பு, பக்கத்துல சோப்புத் தண்ணிக் கிண்ணம், சீப்பை அதுல முக்கி எடுங்க. அவ்வளவுதான்.

சில கைவைத்தியம் கேக்கவே பயமா இருக்கு. சீத்தாப்பழ விதையை அரைச்சுப் பூசுறாங்க. அது கண்ணுல பட்டா கருவிழியையே புண்ணாக்கிரும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். பூண்டு குடுத்தா ரத்த அணுக்கள் சிதையும், பூனைக்கு இன்னும் மோசம். படுக்கையில அந்துருண்டை போடுறதும் விஷந்தான்.

மூணாவது வாரம் திடீர்னு மறுபடியும் தெள்ளு தெரியும். அங்கதான் எல்லாரும் "இயற்கை முறை வேலைக்காகாது"ன்னு விட்டுர்றாங்க. விடாதீங்கம்மா. கூட்டுக்குள்ள இருக்குறதை எண்ணெயும் தொடாது, சோப்பும் தொடாது. ஆள் நடமாட்டம், உடம்புச் சூடு தெரிஞ்சாத்தான் அது வெளிய வரும். பூட்டிக் கெடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிக்குதுல்ல, அதேதான். அதனால கூட்டுறதையும் துணி வேக வைக்கிறதையும் 2 மாசமாவது நிறுத்தாதீங்க. ராத்திரி தட்டுல சோப்புத் தண்ணி வச்சு, மேல ஒரு சின்ன விளக்கு எரியவிட்டுப் பாருங்க. காலையில விழுந்து கெடக்குறதை எண்ணிக்கிட்டு வந்தா குறையுதா இல்லையான்னு தெரிஞ்சுரும்.

நாய் ஆசனவாய்ல அரிசி மாதிரி ஒட்டியிருந்தா அது நாடாப்புழு, தெள்ளை முழுங்குனதால வர்றது. அதுக்குக் கால்நடை மருத்துவர் குடுக்குற குடற்புழு மாத்திரைதான், வேப்பிலை பத்தாது. குட்டிகளைக் குளிப்பாட்டாதீங்க, சீப்பு மட்டும் போதும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. வெளிறிப்போயிருந்தா ரத்தம் குறைஞ்சுருச்சு, நாளைக்குன்னு வைக்காம அன்னைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போயிருங்க.