சீமாறு படுவதற்கு முன்

(கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர் ஒன்றின் நூலக வாசலில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கமுங்க.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை. ராத்திரி டியூப்லைட்டுக்கு வந்து விழுந்த பூச்சிகளை அம்மா சீமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் சுவரைப் பிடித்தபடி இருந்தது. பாசி படிந்த கல் போல, பச்சைக்குள் பல பச்சை. நடுவே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல். "இரும்மா" என்று தடுத்துவிட்டேன்.

அரளியில் வளரும் அந்துப்பூச்சி அது. ஆடுகூட வாய் வைக்காத அரளி இலைதான் அதன் புழுவுக்குச் சாப்பாடு. புழுவுக்கு வாலில் ஒரு கொம்பு, கழுத்துப் பக்கம் இரண்டு நீலக் கண். நிஜக் கண் இல்லை. தொட்டால் விரித்துக் காட்டி மிரட்டும். அப்புறம், இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுமே, அதை லென்ஸில் பாருங்கள். பொடி இல்லை, செதில். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். அத்தனை பச்சையும் அந்தச் செதில்களில்தான்.

இந்த வகைப் பூச்சிகள்தான் இருட்டில் பப்பாளிப் பூவைத் தேடி வருகின்றன. அந்தரத்தில் நின்றபடியே குழலை நீட்டித் தேன் குடிக்கும். பப்பாளிப் பூ ஏன் வெளுப்பாக இருக்கிறது, ஏன் பொழுது சாய்ந்து மணக்கிறது என்று நான் வெகுநாள் யோசித்ததே இல்லை.

சரி, நம் பக்கம் பட்டுக்கூடு தெரியாதவர் உண்டா? பட்டுப்பூச்சியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நாலே பேர். நூல் அறுந்துபோகும் என்று கூட்டுக்குள்ளேயே சூட்டில் முடித்துவிடுகிறோம். விதைக்கென்று விட்டுவைப்பது வெளியே வந்தாலும் பறக்காது, எதையும் தின்னாது. வெள்ளை உடம்பும் சீப்பு போன்ற உணர்கொம்புமாகச் சில நாள் இருந்து, முட்டையிட்டுப் போய்விடும்.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, குச்சிக்கிழங்கு, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்துக் கருகின. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கும். பொரிந்த புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். வெள்ளாமை மீண்டது. அந்தக் குளவியின் முகத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

நூலகத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி விளக்குப் போட்டிருக்கிறோம். இந்நேரம் பூச்சிகள் வந்து உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் முன்னால் வாங்க, மெதுவாக.