லாபம் பார்க்காமல் போன படை

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியுறவுக் கொள்கை என்றால் தேசநலன்தான், சித்தாந்தமெல்லாம் மேற்பூச்சு என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கியூபா அங்கோலாவில் செய்ததைப் பாருங்கள்.

1975 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலிடமிருந்து அங்கோலா விடுதலை பெறவிருந்தது. ஆட்சிக்காக மூன்று இயக்கங்கள் மோதின. தலைநகர் லுவாண்டா, இடதுசாரி எம்.பி.எல்.ஏ. கையில். அதை வீழ்த்த, நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் படை அக்டோபரிலேயே தெற்கிலிருந்து புகுந்துவிட்டது. ஃபிடல் காஸ்ட்ரோ தன் படையை அனுப்பினார். பழைய பிரிட்டானியா விமானங்களில், வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள் வீரர்கள். சில மாதங்களில் அங்கே சுமார் 36,000 பேர். நடவடிக்கைக்கு வைத்த பெயர் கார்லோட்டா. 1843-இல் கியூபாவின் கரும்பாலை ஒன்றில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி உயிர்விட்ட ஆப்பிரிக்கப் பெண் அவர். கியூபர்களை லத்தீன்-ஆப்பிரிக்க மக்கள் என்றே காஸ்ட்ரோ அழைத்தார்.

சோவியத் ஏவியதால் போனார்கள் என்று அன்று பேசினார்கள். மாஸ்கோவைக் கேட்காமலே ஹவானா முடிவெடுத்தது என்று பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன.

சரி, கியூபாவுக்கு என்ன கிடைத்தது? அதே 1975-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் தரப்போடு ரகசியப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கியூபா மீது அமெரிக்கா போட்டிருந்த வணிகத் தடையில் ஒரு பகுதி ஆகஸ்டில் தளர்ந்தும் இருந்தது. அங்கோலாவுக்குப் படை போனதும் எல்லாம் நின்றுபோனது. லாப நட்டக் கணக்கு மட்டும் போடுகிற அரசு இப்படிச் செய்திருக்காது.

அதற்காகச் சித்தாந்தம் வளைந்துகொடுக்காது என்று நினைக்காதீர்கள். அங்கோலாவின் கபிண்டா மாகாணத்தில் அமெரிக்கக் கம்பெனியான கல்ஃப் ஆயிலின் எண்ணெய்க் கிணறுகளுக்குக் கியூப வீரர்களே காவல் நின்றார்கள். எம்.பி.எல்.ஏ. அரசு அந்த எண்ணெய்ப் பணத்தில்தான் ஓடியது. அதைவிடக் கசப்பானது 1977 மே 27. ஆளும் இயக்கத்துக்குள் எழுந்த கலகத்தை அடக்கக் கியூபப் படை உதவியது. தொடர்ந்த வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். நிறவெறிக்கு எதிராக நின்றவர்கள் என்பதற்காக இதை மன்னிக்க என்னால் முடியாது.

1988-இல் தெற்கு அங்கோலாவின் குயிட்டோ குவானவாலே பகுதியில் தென்னாப்பிரிக்கப் படையோடு கடும் சண்டை. அந்த டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது: தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த நமீபியாவுக்கு விடுதலை, அங்கோலாவிலிருந்து கியூபப் படை வெளியேற்றம். 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது. 1991 மே மாதம், 2,000-க்கும் மேற்பட்ட கியூப உயிர்களைப் பலிகொடுத்த பிறகு, எண்ணெய் வயலோ ராணுவத் தளமோ எதையும் தன்வசம் வைத்துக்கொள்ளாமல் படை முழுதும் வெளியேறியது. அதே ஆண்டு ஜூலையில் நெல்சன் மண்டேலா கியூபாவுக்கே போய் நன்றி சொன்னார்.