அன்று வெட்டிய குழாய்

நேயர்களுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு என்னிடம் வந்தார். வயது 67. விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர். ராத்திரி ஐந்தாறு தடவை சிறுநீருக்கு எழுவதால் தூக்கம் கெட்டு, கத்தி பிடிக்கும் கை நடுங்குகிறது என்றார். அந்தத் தொல்லை பலருக்கு வயதானால் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதால் வருவதுதான். இவருக்குச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புராஸ்டேட் புற்றுநோய். சொன்னதும் அவர் கேட்டது: "அன்னைக்கு அந்தக் குழாய வெட்டுனதுக்க பலனா சாரே இது?"

முப்பது வருடத்துக்கு முன் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைச் சொல்கிறார்.

அதில் வெட்டிக் கட்டுவது விரைப்பைக்குள் இருக்கும் விந்தணுக் குழாயை. புராஸ்டேட் சுரப்பியோ சிறுநீர்ப்பைக்குக் கீழே, இடுப்புக்குள் இருக்கிறது. அங்கே கத்தி போவதே இல்லை. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனும் அந்தக் குழாய் வழியே போவதில்லை. ரத்தத்தில் கலந்து போகிறது. விந்து நீரில் விந்தணுவின் பங்கு சொற்பம்தான். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனால் சந்தேகம் ஆதாரமில்லாமல் வந்ததல்ல, இதையும் சொல்ல வேண்டும். 1993இல் அமெரிக்க ஆய்வுகள் தொடர்பு இருக்கலாம் என்றன. 2014இல் ஏறக்குறைய 50,000 ஆண்களை 24 ஆண்டுகள் கவனித்த ஆய்வும் 10 சதவீதம் கூடுதல் என்றது. 2017இல் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது 5 சதவீதமாகச் சுருங்கியது. அதாவது ஆபரேஷன் செய்யாதவர்களில் 100 பேருக்கு வந்தால், செய்துகொண்ட அதே எண்ணிக்கையில் 105 பேருக்கு. அதே தொகுப்பில், உயிரைக் குடிக்கும் வகைப் புற்றுநோயில் தொடர்பே தெரியவில்லை. 2019இல் டென்மார்க் கணக்கு மறுபடி 15 சதவீதம் என்றது. ஆக, வாதம் முழுக்க அடங்கிவிடவில்லை.

என் அபிப்பிராயம் இது. இந்த ஆபரேஷனுக்கு வருகிற அமெரிக்க ஆண், அடிக்கடி டாக்டரிடம் போய்ப் பழகியவன். புராஸ்டேட் கோளாறைக் காட்டும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி செய்துகொள்வான். தேடுகிறவனுக்குத்தானே கிடைக்கும்! அந்தச் சின்னக் கூடுதலில் பெரும்பங்கு அப்படி வந்திருக்கும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் ஆபரேஷனுக்கு முன் இந்தப் பயத்தைக் கிளப்பத் தேவையில்லை என்றே வழிகாட்டுகிறது.

நம் நாட்டிலோ ஆண்களுக்குச் சாக்கு ஏற்கெனவே போதும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. ஆண்களுக்கோ, கத்தியில்லாமல் சின்னத் துளை போட்டு, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷன். இருந்தும் வயிற்றைக் காட்டுவது பெண்ணே.

சரி, அந்தத் தம்பதியிடம் வருகிறேன். அவர் மாத்திரை வாங்கப் போன சமயம் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "மூணாவது பிள்ளைக்கு என் வயித்தக் கீறித்தான் எடுத்தாங்க சாரே. எனக்குப் பதிலா இவரு போனாரு. நான் போயிருந்தாலும் இது வந்திருக்குமா?"

"பெரும்பாலும் வந்திருக்கும், அம்மா" என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டார்.