489 என்று எழுதியிருந்தால் எவ்வளவு ஓடும்?

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" பதிலாக வரும் எண்ணை அப்படியே நம்பி விலையோடு வகுத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் 45 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி மாடலை எடுத்துக்கொள்வோம். சான்றிதழில் உள்ள தூரம் 489 கிலோமீட்டர். சாலையில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது என்று அதே நிறுவனம் சொல்வதோ 350க்குச் சற்று மேல். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சான்றிதழ்ச் சோதனை சாலையில் அல்ல, ஆய்வகத்தில் சக்கரத்துக்கடியில் சுழலும் உருளைமேல் நடக்கிறது, ஏசி ஓடாது, வேகம் 90ஐத் தாண்டாது, சராசரியோ அதைவிட வெகு குறைவு. நாம் போவது சித்திரை வெயிலில், நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக, நூறு கிலோமீட்டர் வேகத்தில். வேகம் ஏற ஏறக் காற்றின் தடை அதன் இருமடியில் கூடும். 80இல் ஓட்டுபவருக்கும் 100இல் ஓட்டுபவருக்கும் தூரம் வெகுவாக வேறுபடுவது அதனால்தான்.

ஆகவே தூரத்தை ஒப்பிட வேண்டாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பிடுங்கள், பெட்ரோல் காருக்கு மைலேஜ் பார்ப்பதைப் போல. நெக்ஸான் அளவுள்ள காருக்கு நெடுஞ்சாலையில் ஆறரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. முழு சார்ஜில் கிளம்பிப் பத்து சதவீதம் மிச்சம் வைத்தால் 40 யூனிட், சுமார் 260 கிலோமீட்டர். வழியில் விரைவு சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். எனவே இரண்டாவது கட்டம் முதல் கைக்கு வருவது பேட்டரியில் எழுபது சதவீதம், அதாவது 205 கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டை அருகே நிறுத்தினால் சுமார் 30 சதவீதம் மிச்சமிருக்கும். அதை 80க்குக் கொண்டுவர 22 யூனிட் வேண்டும். சார்ஜரிலிருந்து 30 கிலோவாட், அதாவது மணிக்கு 30 யூனிட், கிடைத்தால் முக்கால் மணி நேரம். 60 கிலோவாட் என்று எழுதிய சார்ஜராயினும், பக்கத்தில் இன்னொரு கார் செருகியிருந்தால் பல இடங்களில் பாதிதான் வரும். அந்த ஒரு சார்ஜர் பழுதென்றால்? முப்பது கிலோமீட்டருக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று கார் வாங்குவதற்கு முன்பே சார்ஜர் இடங்களைக் காட்டும் செயலியில் பார்த்துவிடுங்கள்.

விலைக்கு வருவோம். ஷோரூம் விலையோடு வீட்டு சார்ஜர், அதற்கான தனி வயரிங், எர்த்திங், காப்பீடு, பத்து லட்சத்துக்கு மேல் என்றால் விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் ஒரு சதவீத வரி (டி.சி.எஸ்.), எல்லாவற்றையும் கூட்டுங்கள். சில மாடல்களுக்கு வீட்டு சார்ஜர் விலையில் சேராது. மின்கட்டணமும் கவனிக்க வேண்டியது: தமிழ்நாட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு, காரால் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கான விகிதமும் கூடும். கார் தின்ற யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் பில் வந்ததும் திகைப்பீர்கள். சார்ஜ் ஏற்றுகையில் பத்து சதவீதம் போல இழப்பு உண்டு, அதையும் சேருங்கள்.

பேட்டரிக்கு வாடகை என்ற திட்டமும் இருக்கிறது. 2024இல் எம்ஜி விண்ட்சர் என்ற மின்சாரக் கார் வந்தபோது பேட்டரியோடு சுமார் 13.5 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். வித்தியாசமான மூன்றரை லட்சத்தை மூன்றரையால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். வட்டியை விட்டுப் பார்த்தால் அதற்கு மேல் ஓட்டுபவருக்கு நஷ்டம். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் மாதக் குறைந்தபட்சத் தூரம் இருந்தால் குறைவாக ஓட்டுபவருக்கும் லாபம் கரையும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள். பேட்டரிக்கு 'வாழ்நாள் உத்தரவாதம்' என்பதிலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று பாருங்கள். மறுவிற்பனை விலை அதில் தொங்குகிறது.

சோதனை ஓட்டத்தைத் தெருவைச் சுற்றி வருவதோடு முடிக்காதீர்கள். ஐம்பது கிலோமீட்டர் கேளுங்கள். ஏசி போட்டு, புறவழிச்சாலையில். கிளம்பும்போதும் திரும்பும்போதும் சதவீதத்தைக் குறியுங்கள். 16 சதவீதம் குறைந்தால் 7.2 யூனிட், ஐம்பதை அதால் வகுத்தால் ஏறக்குறைய ஏழு. டிஸ்பிளே காட்டும் மீதித் தூரம் முன்னால் ஓட்டியவரின் பழக்கத்தை வைத்துச் சொல்வது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 1,800 கிலோ எடையைத் தூக்க மட்டும் ஒன்பது யூனிட் போகும், சாலைத் தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும், பேட்டரியில் இடமிருந்தால். ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அது திரும்பாது. மோட்டார் தரும் பிடிப்பும் குறைந்து, பிரேக்தான் சூடேறும். மேலே எண்பதில் நிறுத்திக்கொண்டு கிளம்புங்கள். வணக்கம்.