குருசாமி பிழிந்த வேட்டி

(குமுளியில், மாலை போடும் நாளுக்கு முந்தைய மாலையில், ஐயப்ப பக்தர்கள் கூடியிருந்த இடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குருசாமிகளே, தாய்மார்களே, இந்த வருடம் முதல்முறையாக மாலை போடப்போகும் கன்னிசாமிகளே, சாமி சரணம்.

போன மண்டல காலத்தில் பம்பைப் படித்துறையில் நின்றிருந்தேன். தரிசனம் முடித்து இறங்கிய கம்பத்துக் குழு ஒன்று குளித்துக் கரையேறியது. அதில் 10 வயதுக் கன்னிசாமி ஒருவன், நனைந்த கறுப்பு வேட்டியைக் கையில் பிடித்தபடி ஆற்றையும் சுற்றி நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்தில் இரண்டு பேர் துணியை ஆற்றோடு விட்டார்கள். "நானும் விட வேண்டுமா சாமி?" என்று கேட்டான். குருசாமி வாய் திறக்கவில்லை. தன் வேட்டியை இறுகப் பிழிந்தார், நான்காக மடித்தார், தோள்பைக்குள் வைத்தார். பையனும் பிழிந்தான். பிறகு குழு முழுவதும் பிழிந்தது.

துணி விடுவது ஆசாரமே இல்லை என்று சபரிமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டு பலமுறை சொல்லிவிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் தடை விதித்திருக்கிறது. அப்படியும் துணி மிதக்கிறது. ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று விரதம் இருந்து யாரும் வருவதில்லை. முன்னால் போன சாமி விட்டார், பின்னால் வந்தவர் அதையே முறை என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதைத் தடுக்கப் போய் நாமே ஒரு தவறு செய்கிறோம். 'எத்தனையோ பக்தர்கள் பம்பையை அசுத்தமாக்குகிறார்கள்' என்று மேடையில் வருந்திப் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று உண்டு. உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் அங்கே அடையாளமிட்ட மரத்துண்டுகளைப் பாதையோரம் போட்டுவைத்துச் சோதித்தார்கள். 'பலர் எடுத்துச் சென்றதால் காட்டின் இயற்கை நிலை மாறிவிட்டது' என்ற பலகை இருந்தபோது 100-க்குக் கிட்டத்தட்ட 8 துண்டுகள் களவு போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் எழுதியபோது 2-க்கும் குறைவு. பலர் எடுக்கிறார்கள் என்ற சொல்லே எடுக்கத் தூண்டியிருக்கிறது!

2008-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தங்கும் விடுதி அறைகளில் தரும் குளியல் துண்டுகளைப் பற்றியது. சுற்றுச்சூழலைக் காக்கக் கேட்ட அட்டையைப் பார்த்து, பயன்படுத்திய துண்டையே மறுபடி பயன்படுத்தியவர்கள் 100-க்கு 35 பேர். 'விருந்தினரில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்' என்ற அட்டைக்கு 44 பேர். அடுத்த சோதனையில் 'இதே அறையில் தங்கியவர்கள்' என்று எழுதியதும் 49-ஐத் தொட்டது. முகம் தெரியாதவர்கள்தான், ஆனாலும் 'இதே அறை' என்ற ஒட்டுதல் போதுமானதாக இருந்தது. ஒரே குருசாமியிடம் மாலை போட்டு, ஒரே வேனில் போய் வருகிற நமக்குள் அந்த ஒட்டுதல் எத்தனை மடங்கு!

ஆகவே குருசாமிகளே, 'நம் குழுவில் யாரும் ஆற்றில் துணி விடுவதில்லை' என்று கன்னிசாமிகளிடம் சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் விடுவதை நிறுத்தியவர்கள் இன்னார் என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். நாளைக் காலை மாலை போட்டுவிடும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். இருமுடி கட்டும் அன்று, ஈர வேட்டிக்கென்று ஆளுக்கு ஒரு துணிப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.