சால்வைக்கு முன் விசா

நம் திருச்சபையின் சேகரக் குழுவினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வெளிநாட்டுப் போதகர் வருகிறார் என்றதும் நம் கை முதலில் பேனர் அடிக்கத்தான் போகிறது. அது கிடக்கட்டும். அவருடைய விசா நகலை வரவழைத்து, எந்த வகை என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். பீடத்தில் ஏறிப் பேசக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது. அதற்கு மிஷனரி விசா வேண்டும். “அவர் நம்ம ஊர்ப்பிள்ளைதானே, ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே” என்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற அட்டை அது. அந்த அட்டைக்காரரும் ஊழியம் செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். மீறினால் அவரைத் திருப்பி அனுப்பலாம், மறுபடி வரத் தடையும் விழலாம். ‘இரண்டு வார்த்தை வாழ்த்துரை’ என்று பேர் மாற்றிக் கூப்பிடும் தந்திரம் வேண்டாம்.

குருமனையில், அதாவது நம் போதகர் வீட்டில், விருந்தாளியைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர் விவரம் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்று நாம் சொல்வது அதைத்தான். விடுதிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும்.

இனி மொழிபெயர்ப்பு. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் தமிழ் படித்துத் தமிழிலேயே பிரசங்கித்தார். இப்போது வருகிறவர் மூன்று நாள் விருந்தாளி. நல்ல இங்கிலீஷ் பேசுகிற வாலிபரைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறோம். வேதாகமத் தமிழ் அவருக்குத் தெரியுமா? ஆமோஸ் 5:24-ல் நியாயம் வேறு, நீதி வேறு. இரண்டையும் ‘நீதி’ என்று அவர் சொல்லிவிட்டால் வசனமே சப்பென்று போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல், வினைச்சொல் நிற்கும் இடம். இங்கிலீஷில் அது முன்னால் வரும், தமிழில் கடைசியில் வரும். போதகர் “ஐ டோன்ட் பிலீவ்” என்று சொல்லி மூச்சு விடுவார். நம் தம்பி அவசரப்பட்டு “நான் நம்பவில்லை” என்பார். பீடத்திலிருந்து இப்படி ஒரு அறிக்கை! “தேவன் நம்மை மறந்துவிட்டார்” என்கிற மிச்சப் பாதி அப்புறம்தான் வரும். அதனால் முழு வாக்கியம் முடித்து நிறுத்தச் சொல்லுங்கள். பன்னிரண்டு, பதினைந்து சொல்லுக்குள் இருக்கட்டும். முந்தின நாள் சாயங்காலம் இருவரையும் ஒரு மணி நேரம் சேர்த்து உட்காரவையுங்கள். வசனப் பட்டியல் அப்போதே கைக்கு வர வேண்டும். வசனம் வாசிக்கும்போது நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை அப்படியே வாசிக்கட்டும். இருபது நிமிடச் செய்தி மொழிபெயர்ப்போடு நாற்பது ஆகும். திருவிருந்து ஆராதனை என்றால் பதினைந்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

மைக் இரண்டு வேண்டும். ஒன்றையே கைமாற்றினால் பாதிச் சொல் காற்றோடு போகும்.

சனி இரவு விமானம், ஞாயிறு காலை பிரசங்கம் என்று போடாதீர்கள். ஒரு நாளாவது அவர் தூங்கட்டும். செருப்பை வெளியே கழற்றும் கோவில் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அசனத்தில், அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், சூடான சோறும் கறியும் பரிமாறலாம். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் கொடுங்கள், ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம்.

கடைசியாகப் பணம். வெளிநாட்டுக் குடிமகன் தருவது ரூபாய் நோட்டாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு இல்லாத சேகரம் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வர வேண்டும். காணிக்கைப் பை முன்வரிசைக்கு வந்த பிறகு அவர் காதில் இதைக் கிசுகிசுக்க முடியாது, சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.