பால் நிறுத்திய பிறகு மார்பு கனத்தால்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல வருடம் தாதியாக வேலை பார்த்தவள் நான். பிரசவத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கும் பெண்கள்கூட, பிள்ளைக்குப் பால் நிறுத்தியபின் வரும் வலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. மார்பு சிவந்து, காய்ச்சல் அடித்த பிறகுதான் கிளினிக்குக்கு வருவார்கள். அதுவரை வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அப்படி இருக்க வேண்டியதே இல்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. வேப்பிலையை அரைத்துப் பூசுவது, பிள்ளை அடம்பிடித்தால் ஒரு வாரம் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பிள்ளை எப்படியோ மறந்துவிடும். தாயின் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர நாளாகும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்: மரத்தின் பட்டையை ஒழுங்காக வெட்டி வந்தால்தானே பால் தொடர்ந்து கிடைக்கும். தாய்ப்பாலும் குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். குடிப்பது குறைந்தால், உள்ளே தேங்கும் பாலே சுரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்கிறது.

அதனால் ஒரு வேளைப் பாலை மட்டும் முதலில் விடுங்கள். மூன்று நாளோ ஒரு வாரமோ போகட்டும், மார்பு பழகியபின் அடுத்த வேளையை விடுங்கள். வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023 ஜனவரியிலிருந்து தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அந்த விடுப்பின் கடைசி நாளில் நிறுத்திவிட்டு மறுநாள் தொழிற்சாலை பஸ் ஏறாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் சில வாரம் முன்பே தொடங்குங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே காலையும் இரவும் மட்டும் கொடுப்பதும் நல்ல வழிதான்.

சரி, ஏற்கெனவே கட்டிக்கொண்டது, என்ன செய்வது? கையால் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். இறுக்கம் தளர்ந்தால் போதும், காலியாக்க வேண்டாம். காலியாக்கினால் மறுபடியும் ஊறும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமோல் போடலாம். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது பால் குழாயை அடைத்துவிடும். தாங்கிப் பிடிக்கிற, இறுக்காத உள்ளாடை போதும். கட்டியைப் பிசைந்து கரைக்கும் வழக்கமும் வேண்டாம். முன்பெல்லாம் நாங்களே அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருக்கிறோம். 2022-இல் வந்த மருத்துவ வழிகாட்டி, அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும் என்கிறது.

பாட்டிகள் சொன்னதில் மல்லிகைக்கு என்னிடம் மரியாதை உண்டு. மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். வேலூரில் மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988-இல் வெளியிட்டார்கள். பிரசவமானவுடன் பாலை நிறுத்த வேண்டியிருந்த தாய்மாரில் சிலருக்கு மல்லிகைப் பூ, சிலருக்குப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரை. இரண்டிலும் பால் குறைந்தது. சிறிய ஆய்வுதான், அதுவும் வருடக்கணக்கில் பால் கொடுத்தவர்களிடம் செய்ததில்லை. ஆனாலும் பூவை இறுக்காமல் வைத்துக்கொள்வதில் கெடுதல் இல்லை. அந்த மாத்திரையைக் கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். குளிர்ந்த முட்டைகோஸ் இலையும் சிலருக்கு இதம் தரும். புண்ணோ வெடிப்போ இருந்தால் வைக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. பால் நிறுத்தியபின் காரணமில்லாமல் அழுகை வரும், மனம் சோர்ந்துபோகும். ஹார்மோன் இறங்குவதும் இதற்கு ஒரு காரணம். பெரும்பாலும் தானாகத் தெளியும். இரண்டு வாரம் தாண்டியும் தெளியவில்லையென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். நீங்கள் பலவீனமானவர் என்று அதற்குப் பொருளில்லை.

சில வாரங்களுக்கு, ஏன், சில மாதங்களுக்குக்கூடத் துளித் துளியாகப் பால் கசியலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மார்பு சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கிருமி தொற்றியிருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும், நாள் கடத்தினால் சீழ் கட்டும். இரத்தம் கசிந்தாலோ, ஒரு கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் கரையாமல் நின்றாலோ, அது பால் கட்டிதான் என்று நீங்களே முடிவுகட்டாமல் காட்டிவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் நமக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாமார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் கடைசியாக விடுவது இரவுப் பாலைத்தான். அம்மாவின் வாசனை பட்டால் பிள்ளை பாலைத்தான் தேடும். அந்த நாட்களில் இரவில் அழுகைச் சத்தம் கேட்டால் நீங்கள் எழுந்து தூக்குங்கள், தோளில் போட்டு நடங்கள். அவள் படுத்திருக்கட்டும்.